முந்நூறாவது வரி

ஸ்க்ரூடிரைவரைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் பைனாகுலரைத் தூக்கிப் பிடித்தபடி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்து நிற்கிறார் லிஃப்ட்காரர். கீழே ஆறாவது மாடியில் ஓர் அம்மாள் காய்கறிப் பையோடு லிஃப்ட் பொத்தானை விரல் தேய அமுக்கிக்கொண்டிருக்கிறாள். செல்போன் அலறுகிறது. "இதோ, ரெண்டே நிமிஷம்மா. ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் பாக்கி" என்கிறார், ஸ்க்ரூடிரைவருக்குப் பின்னாலிருந்து. பொய்யில்லை. அட்ஜஸ்ட்மென்ட் பாக்கிதான். பைனாகுலரின் ஃபோகஸ் சக்கரம் பாதியில் சிக்கிக்கொண்டிருக்கிறது.

ஊரில் முப்பத்தேழு லிஃப்ட்டுகளுக்கு அவர்தான் வைத்தியர். ஆள் ஒல்லி, சட்டைப் பைக்கு மட்டும் தொப்பை. அதற்குள் டெஸ்டர், இரண்டு ஃபியூஸ், கிரீஸ் துணி, பஸ் டிக்கெட்டுகளின் முதுகில் கிறுக்கிய பறவைக் குறிப்புகள். 'வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேல் கோடு, திமிர் பிடித்த நடை' என்று ஒன்றில் இருக்கும். லிஃப்ட்டின் மோட்டார் அறை எப்போதும் கட்டடத்தின் உச்சந்தலையில்தான் இருக்கிறது. ஆகவே கம்பெனி சம்பளமும் கொடுத்து, தினமும் அவரைப் பறவைகள் புழங்கும் உயரத்துக்கு ஏற்றியும் விடுகிறது. "ஓசி ஹெலிகாப்டர்" என்பார்.

பைனாகுலரின் இடது குழாயில் பூஞ்சை. அதன் வழியே பார்த்தால் எல்லாப் பறவையும் பனிமூட்டத்தில் பறக்கும். அதனால் இடது கண்ணை மூடிக்கொண்டே பார்ப்பார். பதினைந்து வருடமாக மூடி மூடி, இப்போது சும்மா பேசும்போதும் அந்தக் கண் பாதி சுருங்கித்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள், ஆள் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று தப்பாக எடுத்துக்கொள்வதுண்டு. அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள். பேண்ட்டுக்கு நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, சட்டையில் பெயர் எம்பிராய்டரி. "இந்த மனுஷனுக்கு ஒரு கண்ணு போதும். இன்னொண்ணை எனக்குக் குடுத்திருந்தா சீக்கிரமா ஊசியாவது கோத்திருப்பேன்" என்பாள்.

அவருடைய வாழ்நாள் பட்டியல், அதாவது பிறந்ததிலிருந்து கண்ணால் கண்ட பறவை வகைகளின் பட்டியல், இருப்பது ஒரு லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டில். கம்பெனிக்குப் பெயர் மாறியபோது குப்பைக்குப் போன கட்டிலிருந்து எடுத்தது. வரிசை எண், தேதி, நேரம், கட்டடம், பழுது, செய்த வேலை, கையொப்பம் என்று கட்டம் அச்சடித்த நோட்டு. புதுக் கட்டம் போட யாருக்குப் பொறுமை? இருந்த கட்டத்திலேயே பறவைகளை ஏற்றிவிட்டார். முதல் பக்கம் இப்படிப் போகிறது. ஒன்று, பழுது: காகம், செய்த வேலை: பார்த்தேன். இரண்டு, பழுது: சிட்டுக்குருவி, செய்த வேலை: பார்த்தேன். மூன்று, பழுது: மைனா. அப்படியே இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை. ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து வேறு, ஏதோ அந்தப் பறவையை இவர்தான் எண்ணெய் போட்டு வானத்தில் ஓடவிட்டதுபோல.

எழுதுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். முதல் தடவை கண்ணில் பட்டதும் எண், தேதி, நேரம், கட்டடம் எல்லாம் எழுதிவிடுவார். பெயரை எழுத மாட்டார். இன்னும் இரண்டு தடவை பார்க்க வேண்டும். "மொதத் தடவை ஆசை பாக்கும். ரெண்டாவது தடவை சந்தேகம் பாக்கும். மூணாவது தடவைதான் கண்ணு பாக்கும்." ஒருமுறை ஓர் அபூர்வ வாத்தை மூன்று தடவையும் பார்த்து, பெயரும் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து அதன் காலில் பிளாஸ்டிக் வளையம் தெரிந்தது. யார் வீட்டுப் பண்ணையிலிருந்தோ தப்பி வந்த வாத்து. அன்றைக்கே பறவைக் குழுவிலிருந்த எட்டுப் பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டார். "மன்னிச்சுக்குங்க. அது வளர்ப்பு வாத்து. நான் உங்களை ஏமாத்திட்டேன்." இழவு சொல்கிற குரல். இரண்டு பேர் பதறிப்போய் "எப்ப எடுக்குறாங்க?" என்று கேட்டுவிட்டார்கள்.

அந்தக் குழுவுக்குத் தலைவர் மாதிரி இருப்பவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அறுபது தாண்டியவர், முந்நூற்றுப் பதினொன்று பறவைகள், சர்க்கரை, ஆபரேஷன் ஆன வலது முட்டி, கைக்குழந்தை கனத்தில் ஒரு கேமரா. லிஃப்ட்காரருக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை காலை குழு ஏரிக்கரையில் கூடும். முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் எல்லோர் நோட்டும் கைமாறும். முந்நூறு தொட்டவருக்குக் குழு ஒரு பச்சைத் தொப்பி கொடுக்கும், முன்பக்கம் மஞ்சள் நூலில் எண் தைத்து. இதுவரை ஒரே ஒரு தொப்பிதான் கொடுத்திருக்கிறார்கள். அது மருந்துக்கடைக்காரர் தலையில், கடைக்குள் மின்விசிறிக்குக் கீழேயும் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறது. லிஃப்ட்காரர் இருநூற்று எண்பதில் இருந்தபோதே கண்ணாடி முன்னால் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். "தொப்பி வர்றதுக்குள்ள முடி எல்லாம் போயிடப் போகுது, சைஸ் மாறிடும்" என்று மனைவி துணி வெட்டிக்கொண்டே சொல்வாள்.

அந்த நோட்டில் ஒரு வரி மட்டும் மற்ற வரிகளைப் போல இல்லை. இருநூற்று நாற்பத்தொன்று. பழுது: அரசவால் ஈப்பிடிப்பான்.

சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உடம்பு. ஆணுக்கு வால் மட்டும் ஒரு முழ வெள்ளை ரிப்பன். நான்கு வருடம் முன்பு, ஓர் அச்சகத்தின் சரக்கு லிஃப்ட்டைப் பார்க்கப் போனவர், பின்னாலிருந்த மூடிய பம்ப் அறையின் ஓரம், தன் நெஞ்சு உயரக் கிளையில் அதன் கூட்டைக் கண்டார். டீ கிளாஸ் அளவு கூடு. உள்ளே பெண் பறவை. ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார்ந்தன. ஆண் உட்காரும்போது வால் கிளைக்குக் கீழே வழிந்து தொங்கியது. அன்று நாள் முழுக்க யாரிடமும் பேசாமல் சுற்றிவிட்டு, சாயங்காலம் ஒரே ஒருவரிடம் சொன்னார்.

"யோவ் லிஃப்ட்டு, நான் இப்பவே அழுதுடுவேன்யா" என்றார் மருந்துக்கடைக்காரர் போனில். அழவும் செய்தார். பத்தே நிமிடத்தில் குழுவுக்கும் சொல்லிவிட்டார். "நம்ம ஆளுங்கதானே." நம்ம ஆட்களுக்கும் நம்ம ஆட்கள் இருந்தார்கள். மறுநாள் மத்தியானம் பம்ப் அறைக்குப் பின்னால் ஏழு கேமராக்கள் காலை விரித்து நின்றன. யாரோ ஒரு புண்ணியவான் கத்தரிக்கோலும் கொண்டு வந்திருந்தான். இலை, பறவையின் முகத்தை மறைத்ததாம்.

லிஃப்ட்காரர் அன்று ஒரு கட்டடத்தில் நடுவழியில் மாட்டிய மூன்று பேரை வெளியே எடுத்துவிட்டு நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தார். கூட்டம் கலைந்திருந்தது. வெட்டிய இலைகள் தரையில் வாடிக் கிடந்தன. கூடு நேர் வெயிலில். பெண் பறவை இரண்டு இறக்கையையும் குடை மாதிரி விரித்து, அலகைத் திறந்து இளைத்துக்கொண்டு முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அவர் வெட்டிய கிளைகளைப் பொறுக்கி, பையிலிருந்த செம்புக் கம்பியால் பழையபடி கட்டப் பார்த்தார். கை பட்ட அசைவில் அது பறந்துவிட்டது. தூரப் போய் நின்று இருட்டும் வரை காத்திருந்தார். வரவில்லை. மறுநாள் காலை போனபோது கூட்டின் விளிம்பில் அவருடைய பட்டியலின் முதல் பறவை உட்கார்ந்து, அலகைக் கிளையில் இப்படியும் அப்படியும் துடைத்துக்கொண்டிருந்தது.

செய்த வேலை என்ற கட்டத்தில் 'பார்த்தேன்' என்று ஏற்கனவே எழுதியிருந்தார். அதன் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து 'சொன்னேன்' என்று சேர்த்தார். கையொப்பம் இடவில்லை.

மருந்துக்கடைக்காரரிடம், "கூடு காலிண்ணே" என்பதோடு நிறுத்திக்கொண்டார். "வேற எடம் பாத்துப் போயிருக்கும்யா, கெட்டிக்காரப் பறவை" என்று அவர் தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார். இலை வெட்டியது அவரில்லை. அவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வெட்டி முடித்திருந்தார்கள். கிடைத்த வெளிச்சத்தில் படம் எடுத்தார், அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். "ஒரு எலைகூட மறைக்கல பாருங்க" என்று இருமல் மருந்து வாங்க வருகிறவர்களிடமும் காட்டுவார். லிஃப்ட்காரர் அந்தக் கடையில் மாத்திரை வாங்கும்போது அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்துகளை ஒரு வரி விடாமல் படிப்பார். நான்கு வருடமாகத் தலையை நிமிர்த்தாமல் மாத்திரை வாங்குகிறார்.

முந்நூறு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மாடிக் கட்டடம். மேல்தளத்து வீடுகள் விலை படியாமல் பூட்டியே கிடந்தன. மோட்டார் அறைக் கதவைத் திறக்கும்போது ஒரு புறாவின் இறகுகள் மட்டும் மேலிருந்து நிதானமாக இறங்கின. புறாவைக் காணோம். தலையைத் தூக்கினார். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் கறுப்பு முகமும் கன்னத்தில் தொங்கும் மீசையுமாக, போலீஸ் அதிகாரி மாதிரி ஒன்று உட்கார்ந்து அவரை விசாரித்தது. பைரி. வானத்திலிருந்து கல் விழுவதுபோல விழுந்து, பறக்கிற பறவையைப் பறக்கும்போதே அடிக்கும் பைரி. பதினைந்து வருடமாகக் கனவில் மட்டும் வந்தது. நோட்டில் எண்ணும் தேதியும் நேரமும் கட்டடத்தின் பெயரும் எழுதினார். புதன்கிழமை இரண்டாவது தடவை. வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை பார்க்கும்போது, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஜல்லி சிதறிய இடுக்கில் அது படுத்திருந்தது. எழுந்து திரும்பிப் படுத்த ஒரு நொடியில் மூன்று முட்டைகள் தெரிந்தன, துருப்பிடித்த இரும்பின் நிறத்தில்.

அன்று வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். மூடிவிட்டார். லிஃப்ட் பத்தாவது மாடிக்கு மேல் போகாதபடி மறுநாள் செய்துவைத்தார்.

"ஏங்க, எழுதலியா?" என்றாள் மனைவி.

"எழுதணும்."

"மூணு தடவை பாத்தாச்சு இல்ல?"

"பாத்தாச்சு."

அவள் மேலே கேட்கவில்லை. வழக்கமாக விடமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் நோட்டு கைமாறி மருந்துக்கடைக்காரர் மடிக்குப் போனது. முந்நூறு என்ற எண். தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது. பெயர் இல்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார், இறக்கிவிட்டுப் பார்த்தார். மற்றவர்களுக்குக் காட்டாமல் நோட்டை மூடி, வாய் கொள்ளாத சிரிப்போடு திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை அவர் குழுவுக்குச் சொல்லவில்லை. தனியாகவே வந்தார், வியாழக்கிழமை காலை.

வாட்ச்மேன் போன் செய்தான். "மெக்கானிக் சார், பெரிய கேமராவோட ஒருத்தர் வந்திருக்காரு. உங்க ஃப்ரெண்டாம். மொட்டைமாடிக்குப் போகணுமாம்."

லிஃப்ட்காரர் அப்போது மோட்டார் அறையில்தான் இருந்தார். இருபத்தாறு வருடத்தில் நல்ல லிஃப்ட் ஒன்றை அவர் நிறுத்தியதில்லை. மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தார். "லிஃப்ட் பழுதுன்னு சொல்லுப்பா."

"இப்பத்தானே சார் அஞ்சாவது மாடி அம்மா எறங்கிப் போனாங்க?"

"சொல்லுன்னா சொல்லேன்."

அந்த முட்டியோடு திரும்பித்தான் போவார் என்று கணக்குப் போட்டார். கைப்பிடிச் சுவரோரம் நின்று கேட்டைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியும் பச்சைத் தொப்பி வெளியே வரவில்லை. படியில் இறங்கினார்.

நான்காவது மாடித் திருப்பத்தில் மருந்துக்கடைக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கேமராப் பை. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்திருந்தார், ஓடிவிடாமல் பிடித்து வைத்திருப்பதுபோல.

"வா லிஃப்ட்டு. உன் லிஃப்ட்டு செத்துப்போச்சாமே."

"ஆமாண்ணே."

"நீ மேலேருந்து வர்றே. கையில ஒரு பொட்டு கிரீஸ் இல்லையேய்யா."

லிஃப்ட்காரர் தன் கையைப் பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவியதுபோல இருந்தது.

"சரி வுடு. என்னய்யா அது மேல? என் காதுல மட்டும் சொல்லு."

"மைனாண்ணே."

"மைனா மூணாவது நம்பர்ல இருக்கு. உன் நோட்டு எனக்கு மனப்பாடம்."

"தூரத்துல வேற மாதிரி தெரிஞ்சுது. அவசரப்பட்டுத் தேதி போட்டுட்டேன். கிட்டப் போய்ப் பாத்தா மைனா."

"மைனாவைப் பாத்து நீ ஏமாந்தே?"

"எடது கண்ணு கொஞ்சம்..."

"எடது கண்ணை நீ தொறந்ததே இல்லையேய்யா."

மேலே எங்கோ ஒரு குழாய் சொட்டியது. மருந்துக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். அவர் கழற்றி லிஃப்ட்காரர் பார்த்ததே இல்லை. தொப்பி இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, பச்சைக்குழந்தை மண்டை மாதிரி இருந்தது.

"அந்த ஈப்பிடிப்பான் கூட்டை எனக்குத்தானே மொதல்ல சொன்னே? வேற யாருக்கும் சொல்லல, எனக்குச் சொன்னே. அதை நெனச்சா எனக்கு இன்னும் பெருமை. இப்ப என்ன ஆச்சு? நான் என்னய்யா தப்பு பண்ணேன்?"

பதில் லிஃப்ட்காரரின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் நான்கு வார்த்தைதான். கத்தரிக்கோல், வெயில், காகம், கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் படம். மருந்துக்கடைக்காரரின் பேண்ட்டுக்குள் அந்த ஆபரேஷன் முட்டி தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமில்லண்ணே. மைனாதான்."

மருந்துக்கடைக்காரர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு கோபமே இல்லாமல், புரியாத மருந்துச் சீட்டைப் பற்றி டாக்டரிடம் கேட்கிறவர்போலக் கேட்டார்:

"அப்ப அந்த எரநூத்தித் தொண்ணூத்தொம்பதுல எத்தனை மைனாய்யா?"

லிஃப்ட்காரர் மறுபடியும் தன் சுத்தமான கையைப் பார்த்தார். அந்த வளர்ப்பு வாத்துக்காக எட்டுப் போன் போட்ட மனிதர்.

மருந்துக்கடைக்காரர் கேமராப் பையின் பக்க ஜிப்பைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பச்சைத் தொப்பி. மஞ்சள் நூலில் முந்நூறு. அந்த மூன்றின் வால் சுருண்டிருந்த விதம் லிஃப்ட்காரருக்குத் தெரியும்; அவர் வீட்டுத் தலையணை உறைகளில் அதே சுருள்தான். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆனதுமே அவளிடம் ரகசியமாகத் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள்; மனைவி மேலே கேட்காமல் விட்டது ஏன் என்பதும் அப்போது புரிந்தது. "வெயிலுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் அதைப் பழையபடி உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்.

"ஞாயித்துக்கெழமை நோட்டைக் கொண்டு வா. அந்த வரியை ரொப்பிக் கொண்டு வா. மொட்டையா விட்டுவைக்காதே. கட்டடம் பேரு எழுதியிருக்கே. மத்தவனுங்க பாத்தா தேடிக்கிட்டு வந்துடுவானுங்க."

கைப்பிடியைப் பற்றி எழுந்தார். தோளைக் கொடுக்க வந்தவரை வேண்டாம் என்று கையசைத்தார். பையை மட்டும் கொடுத்தார். ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, நின்று, அடுத்த படிக்கு இரண்டு காலும் வைத்து அவர் இறங்க, பின்னால் பையைச் சுமந்துகொண்டு லிஃப்ட்காரர் இறங்கினார். பைக்குள் கேமராவைவிடத் தொப்பிதான் கனத்தது. நான்கு மாடியும் அப்படியே. மேலே ஸ்விட்சைத் தூக்கிவிட்டால் லிஃப்ட் பத்து நொடியில் வந்து நிற்கும். கேட்டருகே பையை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரர் தெருவைக் கடந்தார். திரும்பிப் பார்த்துக் கையாட்டுவது அவர் வழக்கம். வண்டி ஒன்று குறுக்கே போனது. அது போனபின் அவர் முதுகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் லிஃப்ட்காரர் மோட்டார் அறையின் சாவித்துவாரம் வழியாகப் பார்த்தார். பைரி படுத்திருந்தது. சாயங்காலம் வீட்டில், தையல் மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் நோட்டை விரித்து, ஜெல் பேனாவைத் திறந்தார். மனைவி யாருடைய பேண்ட்டுக்கோ மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக அவர் வெறுந்தலையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

முந்நூறு. பழுது என்ற கட்டத்தில், வழக்கத்தைவிட அழகான கையெழுத்தில், 'மைனா' என்று எழுதினார்.

தையல் மெஷின் நின்றது. "ஏங்க, மைனா மொதப் பக்கத்துலயே இருக்கே?"

அவர் 'பார்த்தேன்' என்று எழுதினார். கையொப்பம் இட்டார். பிறகு நோட்டை இரண்டு கையிலும் முகத்துக்கு நேராகத் தூக்கி, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, மை காயும்வரை அந்த வரியின்மேல் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.